அத்தை கேட்ட சத்தம்

எங்கள் வீட்டில் கார் வாங்கியது என் வயிற்றுப் பிள்ளைக்காக. என் வீட்டுக்காரரைப் பெற்ற மாமா இதை ஒத்துக்கொள்ள மாட்டார். வத்தல் விலை பேசப் பரமக்குடிக்குப் போக வேண்டும், கோர்ட்டு வாய்தாவுக்கு இராமநாதபுரம் போக வேண்டும், எத்தனை நாளைக்குத்தான் பஸ்ஸுக்காகப் புளியமரத்தடியில் காத்துக் கிடப்பது என்று ஊரெல்லாம் வேறு காரணம் சொல்லிக்கொண்டு திரிந்தார். வீட்டுக்குள் எல்லோருக்கும் உண்மை தெரியும்.

முதல் பிள்ளைக்கு வழக்கப்படி தாய் வீட்டுக்குப் போனேன். வலி கண்டு, மருத்துவச்சி பார்த்துப் பார்த்துக் கடைசியில் கையை விரித்த பிறகு என்னை மாட்டு வண்டியில் ஏற்றினார்கள். இராமநாதபுரத்து ஆஸ்பத்திரி வாசலில் வண்டி போய் நின்றபோது வெயில் ஏறியிருந்தது. ஆண் பிள்ளை. அழவே இல்லை. கொஞ்சம் முன்னாலேயே கொண்டுவந்திருக்கலாம் என்று லேடி டாக்டர் யாரிடமோ மெதுவாகச் சொன்னார். அவர் என்னிடம் சொல்லவில்லை, ஆனால் எனக்குக் கேட்டது.

இரண்டாவது பிள்ளைக்குப் புகுந்த வீட்டில்தான் பேறுகாலம் என்று ஆனது. எங்கள் ஊர் அபிராமத்துக்குப் பக்கம். கண்மாய்க் கரை வழியாகப் போய்த்தான் ரோட்டைப் பிடிக்க வேண்டும். அந்தக் கரையில் மாடு நடக்கிற நடையை நினைத்தாலே எனக்கு மூச்சு முட்டும். என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் லாரி ஓட்டிவிட்டு வந்தவர். ஒரு நாள் மதுரைக்குப் போனவர், திரும்பி வரும்போது காரோடு வந்தார். இறங்கியதும் என்னைப் பார்த்து, "வலி கண்டா சொல்லு, ஒரு பொழுதுல ஆஸ்பத்திரியில இருப்ப" என்றார். நான் எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டேன்.

கார் என்றால் ஏதோ ஜமீன் கார் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். யாரோ ஒரு உத்தியோகஸ்தர் ஓட்டி ஓட்டிப் பழசாக்கிய சின்னக் கார். கறுப்பு நிறம், நாலு கதவு. நாலு பேர் உட்காரலாம். ஐந்தாவதாக ஒருவர் ஏறினால் யாராவது ஒருவர் மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும்.

யார் எங்கே உட்காருவது என்பதில் எங்கள் வீட்டில் பேச்சே கிடையாது. ஆம்பிளைகள் முன்னால், பொம்பளைகள் பின்னால். பின்னால் என் மாமியாரான அத்தைக்கு இடது ஜன்னல். அதற்குக் காரணம் வெற்றிலை. அத்தை வெற்றிலை போடாமல் இருந்து நான் பார்த்தது தூங்கும்போது மட்டும்தான். இடது பக்கம் என்றால் ரோட்டோரம், எதிரே வருகிறவன் சட்டை தப்பிக்கும். அத்தைக்கு நல்ல உடம்பும் கூட. அவர் ஏறி உட்கார்ந்தால் கார் ஒரு பக்கமாகக் குனிந்து மரியாதை செய்யும். நான் வலது மூலையில் ஒண்டிக்கொள்வேன்.

முதல் பயணம் தேவிபட்டினத்துக்கு. கடலுக்குள் இருக்கிற நவக்கிரகத்தைச் சுற்றிவிட்டு வந்தால் நல்லது என்று அத்தை சொன்னார். நான் கரையிலேயே நின்றுகொண்டேன், அத்தை எனக்கும் சேர்த்துச் சுற்றினார். திரும்பும் வழியில்தான் அது ஆரம்பித்தது.

"ஏலே, நிப்பாட்டு. பின்னால என்னமோ மொனங்குது" என்றார் அத்தை.

என் வீட்டுக்காரர் நிறுத்தினார். இறங்கிச் சக்கரத்தை ஒவ்வொன்றாகக் காலால் எத்திப் பார்த்தார். மாமாவும் இறங்கி எத்திப் பார்த்தார். அவர் எத்தியதில் என்ன தெரிந்திருக்கும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

"ஒண்ணுமில்ல ஆத்தா. ரோடு அப்பிடி."

"ரோடு மொனங்காதுலே. மொனங்கிட்டு டொக்குங்குது."

எனக்கும் கேட்டது. பின் சீட்டுக்கு அடியில் க்ரீக் என்று ஒரு இழுப்பு, அடுத்து டொக் என்று ஒரு தட்டு. நானும் சொன்னேன். "புள்ளத்தாச்சிக்கு எல்லாம் அப்பிடித்தான் இருக்கும்" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். முன் சீட்டில் இன்ஜின் சத்தம் ஒரு பக்கம், அப்பனும் மகனும் வழியில் பார்க்கிற வயலுக்கெல்லாம் வெள்ளாமைக் கணக்குப் பேசுகிற சத்தம் ஒரு பக்கம். அதில் இடியே விழுந்தாலும் அவர்களுக்குக் கேட்காது.

அதற்குப் பிறகு போன இடத்துக்கெல்லாம் அந்தச் சத்தமும் கூட வந்தது. அத்தை நிறுத்தச் சொல்வார். இறங்கிப் பார்ப்பார்கள். ஒன்றும் இருக்காது. கடைசியில் ஒரு நாள் வீட்டு வாசலில் இறங்கியதும் அத்தை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"இந்தச் சத்தம் நிக்கிற வரைக்கும் வலி கண்ட புள்ளத்தாச்சிய இதுல ஏத்த விடமாட்டேன். நடுக்காட்டுல இது படுத்துக்கிட்டா யாரு வருவா? மருத்துவச்சி வீட்டுக்கே வரட்டும்."

அத்தை கெட்டவர் இல்லை. அவர் பயப்பட்டார், அவ்வளவுதான். நானும் பயந்தேன். அவருக்குக் காரைப் பார்த்துப் பயம், எனக்கு மருத்துவச்சி கையை விரிக்கிற அந்த நேரத்தை நினைத்துப் பயம். அத்தை ஒன்று சொல்லிவிட்டால் மாமாவே தலைகீழாக நின்றாலும் மாறாது. அந்தச் சத்தத்தைக் கண்டுபிடித்தால்தான் எனக்கு ஆஸ்பத்திரி.

ஆம்பிளைகள் வேலையில் இறங்கினார்கள். என் வீட்டுக்காரர் கதவுத் திருகாணிகளை எல்லாம் முடுக்கினார். பின்னால் சாமான் வைக்கிற இடத்தில் கிடந்த ஜாக்கியைச் சாக்கில் சுற்றி வைத்தார். நம்பர் பலகையைக் கம்பி போட்டுக் கட்டினார். ஒரு நாள் தன் ஆத்தாவின் கனத்துக்குச் சரியாக இருக்கட்டும் என்று பின் சீட்டில் நெல் மூட்டை ஏற்றி ஊரைச் சுற்றி வந்தார். மூட்டை வாயைத் திறக்கவில்லை. "பாத்தியா" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார்.

மாமா தன் பங்குக்குக் காரின் அடியில் எட்டிப் பார்த்தார். பின் சக்கரங்கள் இருக்கிற அச்சுக்கு மேலே, இரும்புப் பட்டைகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி வில் மாதிரி வளைத்து வைத்திருப்பார்கள் இல்லையா, அதைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இரும்பும் இரும்பும் உரசுகிறது, உரசினால் முனகத்தான் செய்யும், மாட்டு வண்டி அச்சுக்கு என்ன செய்வோம்? மை வைப்போம். வைக்கோல் கரியையும் விளக்கெண்ணெயையும் குழைத்து, கொட்டாங்குச்சி நிறைய வண்டி மை கொண்டுவந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இரண்டு பக்கத்துப் பட்டைகளுக்கும் அவரே பூசினார். கஞ்சத்தனம் இல்லாமல் அப்பினார் என்றுதான் சொல்ல வேண்டும். பட்டை எது, மை எது என்று தெரியவில்லை. அதன் மேல் எங்கள் ஊர்ப் புழுதி வேறு வந்து ஒட்டிக்கொண்டது. காருக்குப் பக்கத்தில் நடந்தவர் சேலையெல்லாம் கறையானது.

முனகல் கொஞ்சம் குறைந்தது. டொக் குறையவில்லை. "மை ஊறணும்ல" என்றார் மாமா.

ஊறும் என்று ஒரு வாரம் பார்த்துவிட்டு, இராமநாதபுரத்தில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனோம். அங்கே மெக்கானிக் ஒரு பாய். கொழும்பில் லாரிகளோடு மல்லுக்கட்டிவிட்டு வந்தவர். பேச்சு நிறைய, பீடி அதைவிட நிறைய. வண்டியைப் பட்டறையில் விட்டதும் வழக்கம்போல நானும் அத்தையும் இறங்கி வேப்பமரத்து நிழலில் போய் நின்றுகொண்டோம். அந்நிய ஆம்பிளை வண்டியை எடுக்கும்போது பொம்பளைகள் உள்ளே உட்கார்ந்திருக்கிற வழக்கம் எங்கே உண்டு? பாயும் என் வீட்டுக்காரரும் மாமாவும் அரண்மனைப் பக்கம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார்கள். மூன்று பேர் முகத்திலும் சிரிப்பு.

"சத்தமே இல்ல ஆத்தா. வண்டி தங்கமா ஓடுது" என்றார் பாய்.

"நான் பொய்யா சொல்றேன்?"

"பொய்யின்னு சொல்லல. மனசுல ஒரு இது இருந்தா காதுல கேக்கும்."

அத்தையின் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. காரில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார்.

ஊரைத் தாண்டும் வரைக்கும் கார் அமைதியாகத்தான் ஓடியது. முன்னால் இருவரும் ஜெயித்த மாதிரி பேசிக்கொண்டு வந்தார்கள். நான் அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெற்றிலை மென்றார். வாய் நிறைந்தது. ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, உடம்பை முழுக்க இடது பக்கம் சாய்த்து, தலையை வெளியே நீட்டித் துப்பினார்.

க்ரீக். டொக்.

உள்ளே வந்து உட்கார்ந்தார். சத்தம் நின்றது. கொஞ்ச தூரம் போனதும் மறுபடி சாய்ந்தார். டொக். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுத்த துப்பலுக்காகக் காத்திருந்தேன். என் வாழ்க்கையில் ஒருவர் எச்சில் துப்புவதற்கு நான் அப்படிக் காத்திருந்ததே இல்லை. அதற்கும் டொக். வீடு வருவதற்குள் எனக்குச் சந்தேகமே இல்லை. சத்தம் வருகிற நேரமெல்லாம் அத்தையின் தலை ஜன்னலுக்கு வெளியே இருந்தது.

நெல் மூட்டை ஏன் வாயைத் திறக்கவில்லை என்பதும் விளங்கியது. மூட்டை நடுவில் சிவனே என்று கிடக்கும். ஒரு பக்கமாகச் சாய்ந்து துப்பாது. பட்டறையிலோ, சத்தம் போடுகிறவரையே இறக்கி மரத்தடியில் நிறுத்திவிட்டுச் சத்தத்தைத் தேடியிருக்கிறார்கள்.

என் வீட்டுக்காரரிடம் கொல்லைப்புறத்தில் வைத்துச் சொன்னேன். பட்டாளத்துக்காரருக்கு விஷயம் உடனே பிடிபட்டது. பிடிபட்டதும் முகம் வெளுத்தது.

"அதப் போயி ஆத்தாகிட்ட யாரு சொல்றது? நீங்க சாஞ்சா வண்டி தாங்கலன்னு சொல்லச் சொல்றியா?"

"அவுக பெத்த புள்ளதான நீங்க."

"அதுனாலதான் சொல்றேன். அய்யாகிட்டக் கேட்டுப் பாக்குறேன்."

மாமாவிடம் போனார். மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "கட்டுன நாள்ல இருந்து இந்த ஒரு விசயத்த மட்டும் நான் வாயத் தொறந்து சொன்னதில்ல. அதுனாலதான் இந்த வீட்டுல சோறு கெடைக்குது" என்று சொல்லிவிட்டு வயலுக்குப் போய்விட்டார். பர்மாவில் குண்டுக்கு நடுவே லாரி ஓட்டியவரும் அவரைப் பெற்றவரும் ஆளுக்கொரு திசையில் நழுவிக்கொள்ள, நான் வயிற்றைத் தள்ளிக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். வேறு வழியில்லை. நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

அத்தை முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார். நானும் எதிரே உட்கார்ந்து ஒரு கொத்தை எடுத்துக்கொண்டேன்.

"அத்த, அந்தச் சத்தம் நீங்க ஏறுனாத்தான் வருது. நீங்க எறங்குனா ஒளிஞ்சுக்கிருது. வெத்தல துப்பச் சாயிறீகள்ல, அப்பத்தான் டொக்குங்குது. இன்னொரு தடவ பட்டறைக்குப் போனா நீங்க எறங்காம உள்ளேயே இருக்கணும்."

அத்தையின் கை நின்றது. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நான் குண்டா இருக்கேன்னு சொல்ல வாரியா?"

"இல்ல அத்த. நீங்க சொன்னது நெசம்னு சொல்ல வாரேன்."

அத்தை கீரையை உருவி முடித்து, காம்புகளைப் பொறுக்கி ஒதுக்கினார். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முருங்கைக் கீரைக்குக் கண் எரியாது. "நாளைக்கே போவோம்" என்றார்.

மறுநாள் பட்டறையில் பெரிய கூத்து. அத்தை இறங்க மாட்டேன் என்று சீட்டில் அழுத்தமாக உட்கார்ந்துகொண்டார். நான் மட்டும் வேப்பமரத்தடிக்குப் போனேன். விஷயத்தைக் கேட்டதும் பாய், வண்டியை ஓட்ட வேண்டாம், நின்ற இடத்திலேயே பார்த்துவிடலாம், ஆத்தா மேலே சாயட்டும், நான் கீழே படுத்துக் கேட்கிறேன் என்றார். சொல்லிக்கொண்டே சாக்கை விரித்து, கட்டைகளை முட்டுக்கொடுத்துவிட்டு, காருக்கு அடியில் தலையை நுழைத்தார். உடனே அத்தை, "ஏலே, அந்த மனுசன வெளிய வரச் சொல்லு" என்று மகனைக் கூப்பிட்டார்.

"ஏன் ஆத்தா?"

"அவரு தலைக்கு நேரா என் காலு இருக்கு. தொழுகிற நெத்தி அது. எனக்குப் பாவம் சேக்கப் பாக்குறியா?"

"நடுவுல இரும்பு இருக்கு ஆத்தா, குத்தமில்ல" என்றார் பாய் கீழேயிருந்து. அத்தை காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்தச் சின்ன சீட்டில் எப்படியோ இரண்டு கால்களையும் மேலே தூக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்த பிறகுதான் சரி என்றார். அடுத்த சிக்கல், வெறும் வாயோடு சாய அவருக்கு வரவில்லை. சும்மா சாய்ந்தால் பாதியிலேயே நின்றுவிடுகிறார். வெற்றிலை மடித்துப் போட்டு, மென்று, வாய் நிறைகிற வரைக்கும் எல்லோரும் காத்திருந்தோம். பட்டறையில் இருந்தவர்கள் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"இப்பத் துப்புங்க ஆத்தா" என்று அடியிலிருந்து குரல் வந்தது.

அத்தை சாய்ந்தார். க்ரீக். டொக்.

"இன்னொரு தடவ."

டொக்.

பாய் வெளியே வந்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை. சீமெண்ணெயும் துணியும் எடுத்துக்கொண்டு மறுபடி உள்ளே போனார். மாமா அப்பிய மையும் புழுதியும் சேர்ந்து கட்டியாகக் காய்ந்திருந்ததைச் சுரண்டிச் சுரண்டி எடுத்தார். பிறகு என் வீட்டுக்காரரை அழைத்துக் காட்டினார். இடது பக்கத்து அடுக்கில், மற்ற பட்டைகளை எல்லாம் தாங்குகிற பெரிய பட்டையில், அச்சோடு இறுக்கிக் கட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில் குறுக்கே ஒரு வெடிப்பு. சாதாரணமாக அது மூடிக்கொண்டிருக்கும். அந்தப் பக்கம் பாரம் சாய்ந்தால் க்ரீக் என்று இழுத்து டொக் என்று வாயைப் பிளக்கும், நிமிர்ந்தால் மூடிக்கொள்ளும். மை பூசியதால் கண்ணுக்கும் தெரியாமல் போயிருக்கிறது.

"இன்னும் ரெண்டு பள்ளம் தாங்கியிருக்காது" என்றார் பாய். "பட்டை ஒடிஞ்சா அச்சு பின்னால தள்ளிரும். வண்டி அங்கனயே படுத்திரும். அல்லா காப்பாத்துனான்." பிறகு அத்தையைப் பார்த்து, "ஆத்தா, நான் மனசு அது இதுன்னு சொன்னத மறந்துருங்க" என்றார்.

"மறக்க மாட்டேன். வேலைய நல்லாப் பாரு" என்றார் அத்தை.

மாமா வேப்பமரத்தில் என்னமோ தேடுகிற மாதிரி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் காருக்குச் சரியான பட்டை மதுரையிலிருந்து வர வேண்டியிருந்தது. கார் கட்டைகளின் மேல் பட்டறையில் நின்றது, நாங்கள் பஸ்ஸில் வீட்டுக்கு வந்தோம். அந்த நாட்கள்தான் எனக்கு மோசமானவை. வயிறு இறங்கிவிட்டது. சின்னதாக ஒரு பிடிப்புப் பிடித்தாலும் பட்டை வந்துவிட்டதா என்றுதான் முதலில் கேட்பேன். என் வீட்டுக்காரர் தினமும் பஸ் ஏறிப் போய்ப் பட்டறையிலேயே உட்கார்ந்துகொண்டார். ஒரு நாள் சாயங்காலம் கண்மாய்க் கரையில் ஹாரன் சத்தம் கேட்டது. நிறுத்தாமல் அடித்துக்கொண்டே வந்தார். அத்தை வாசலுக்குப் போனார், கதவைத் திறந்து இடது ஜன்னலோரம் ஏறி உட்கார்ந்தார், வெளியே சாய்ந்தார், உள்ளே வந்தார், இறங்கினார். "ம்" என்றார். எனக்கு அனுமதி கிடைத்துவிட்டது.

அதற்கடுத்த வாரம் காலையில், கோழிகளைத் திறந்துவிடக் குனிந்தபோது வலி கண்டது. வயலுக்குக் கிளம்பிய ஆம்பிளைகள் தெருமுனையிலிருந்தே திரும்பி ஓடி வந்தார்கள். என்னைப் பின் சீட்டில் ஏற்றி அத்தை பக்கத்தில் உட்கார்ந்தார். கரையில் ஒவ்வொரு பள்ளத்தையும் தாண்டியதும் அவர் இடது பக்கம் முழு உடம்போடும் ஒரு தடவை சாய்ந்து, காதைக் கொடுத்துக் கேட்டார். "இல்ல" என்று என்னிடம் சொன்னார். அடுத்த பள்ளம். "இல்ல."

எனக்குப் பல்லைக் கடிக்கிற வலி. இருந்தாலும் ஏதோ ஒன்று வழக்கம்போல இல்லை என்று மனதில் பட்டுக்கொண்டே இருந்தது. பரமக்குடியைத் தாண்டிய பிறகுதான் அது என்னவென்று தெரிந்தது. அத்தையின் மடியில் வெற்றிலைப் பெட்டி இல்லை. அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறார். வாய் வெறுமையாக இருந்தது. அதற்குப் பிறகு அவர் சாயவும் இல்லை. என் தலையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரி வரும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

லேடி டாக்டர் அதே அம்மாதான். என்னை அடையாளம் தெரிந்ததா என்று தெரியவில்லை, "நல்ல நேரத்துல வந்துட்டீங்க" என்றார். மத்தியானத்துக்குள் பிள்ளை பிறந்தது. பெண். வெளியே வந்ததுதான் தாமதம், ஆஸ்பத்திரிக் கூரை பிய்ந்துபோகிற மாதிரி அழுதாள். நிறுத்தவே இல்லை. நான் கண்ணை மூடிக்கொண்டு அதையே கேட்டுக்கொண்டு கிடந்தேன். இது நிற்கக் கூடாது, கொஞ்ச நேரத்துக்காவது நிற்கக் கூடாது என்று நினைத்தேன்.

அத்தை எழுந்து போய்க் கதவைத் திறந்தார். வெளியே பெஞ்சில் அப்பனும் மகனும் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏலே" என்றார் அத்தை. "இந்தச் சத்தமாச்சும் ஒங்க ரெண்டு பேருக்கும் கேக்குதா?"

என் வீட்டுக்காரரின் குரல், உடைந்து, கதவைத் தாண்டி வந்தது.

"கேக்குது ஆத்தா."